சிற்றூர்க் கோபுரத்தில் மணியோசை நின்றுவிடாமல் காக்க: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களில் ஐந்து, ஆறு, எட்டு என மணிகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆள் கயிறு பிடித்து, ஒலிக்கும் வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். சேஞ்ச் ரிங்கிங் எனப்படும் இந்தக் கலை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து வருகிறது. இப்படி முழு வட்டம் சுழலும் மணிகளைக் கொண்ட கோபுரங்கள் அந்த நாட்டில் 5,000-க்கும் மேல் உள்ளன. அவற்றில் பல, வயதான மூன்று நான்கு பேரை நம்பியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெண்கல மணி பல நூறு ஆண்டுகள் தாங்கும். கற்றுத்தரும் ஆள் ஒருவர் போய், அடுத்தவர் வராத இடைவெளியில்தான் ஒரு கோபுரம் ஊமையாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மணி, மரம், கயிறு பற்றி எவ்வளவு சொன்னாலும், நோக்கம் ஒன்றே: உங்கள் ஊரில் எந்த நேரத்திலும் கற்பவர் ஒருவராவது இருக்க வேண்டும், கற்பிக்கத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும்.

முதலில் மணி எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மணியின் தலைப்பகுதி ஹெட்ஸ்டாக் என்ற உத்தரத்தில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் பெரிய சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் உள்ள துளை வழியே கயிறு போய்க் கட்டப்பட்டு, கப்பி வழியாகக் கீழே மணியடிப்போர் அறைக்கு இறங்கும். அடிக்கத் தொடங்கும் முன் மணி வாய் மேல்நோக்கி நிற்கும். கயிற்றை இழுத்தால் கீழே விழுந்து, ஏறக்குறைய முழு வட்டம் சுற்றி, மறுபக்கம் மீண்டும் வாய் மேலாக வந்து நிற்கும். அடுத்த இழுப்பில் வந்த வழியே திரும்பும். முதல் இழுப்பு ஹேண்ட்ஸ்ட்ரோக். திரும்பும் இழுப்பு பேக்ஸ்ட்ரோக். ஹேண்ட்ஸ்ட்ரோக்குக்குப் பிடிக்க வேண்டிய இடத்தில் கயிற்றைச் சுற்றிக் கம்பளி நூலால் தடித்த பிடி இருக்கும். அதுதான் சாலி. பேக்ஸ்ட்ரோக்கில் கயிற்றின் வால்முனையை இழுப்பார்கள்.

மணி உச்சிநிலையைத் தாண்டி மறுபக்கம் கவிழ்ந்துவிடாமல் தடுப்பது ஸ்டே என்ற மரத்துண்டு. ஹெட்ஸ்டாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இது, மணி சட்டத்தில் உள்ள ஸ்லைடர் என்ற கட்டையில் முட்டி மணியை நிறுத்தும். ஸ்டே ஆஷ் மரத்தில் செய்யப்படுவது. மிகையாக இழுத்தால் முதலில் உடைய வேண்டியது இதுதான். அப்போதுதான் சக்கரமும் ஹெட்ஸ்டாக்கும் தப்பும். எனவே "அடிக்கடி உடைகிறதே" என்று இரும்புத் துண்டையோ மிக வலுவான மரத்தையோ ஒருபோதும் போடாதீர்கள்.

உச்சியில் மணியைச் சற்று நிறுத்திப் பிடிக்கலாம், அல்லது கொஞ்சம் முன்பே திருப்பலாம். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டு ஒரு மணி, வரிசையில் ஓர் இடம் முன்னேயோ பின்னேயோ நகரலாம். ஒரே தாவலில் மூன்று இடம் தாண்ட முடியாது. இந்தக் கலையின் விதிகள் அத்தனையும் இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தவை.

அனுமதி

இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டத்தில் எஃப் 8 என்ற விதி, ஒவ்வொரு தேவாலயத்திலும் மக்களை வழிபாட்டுக்கு அழைக்கக் குறைந்தது ஒரு மணி இருக்க வேண்டும் என்கிறது. போதகரின் அறிவுறுத்தலுக்கு மாறாக எந்த மணியையும் அடிக்கக்கூடாது என்றும் அதுவே சொல்கிறது. ஆகவே போதகர், சர்ச் வார்டன்கள், திருச்சபை மன்றம் ஆகியோரிடம் முதலில் பேசுங்கள். மூன்று விஷயங்களை எழுத்தில் பெறுங்கள்: பயிற்சி நாளும் நேரமும், கோபுரச் சாவி யாரிடம் இருக்கும் என்பது, மணியடிப்போரும் கற்பவர்களும் வெளியூரிலிருந்து வருவோரும் காப்பீட்டில் அடங்குவார்கள் என்ற உறுதி.

பழுது பார்ப்பதற்கும் விதிகள் உண்டு. வழக்கமான பராமரிப்பு, கயிறு மாற்றுவது, ஸ்டே, ஸ்லைடர், கப்பி மாற்றுவது போன்றவை 'ஏ' பட்டியலில் வருவதால் தனி அனுமதி தேவையில்லை. மணிகளைக் கழற்றி மீண்டும் மாட்டுவது போன்ற பெரிய வேலைக்கு ஃபேகல்ட்டி என்ற முறையான அனுமதி வேண்டும். அதற்கு மறைமாவட்ட ஆலோசனைக் குழுவில் மணிகளுக்கென்றே ஓர் ஆலோசகர் இருப்பார். விண்ணப்பத்தை எழுதி முடித்த பின் அவரிடம் போவதைவிட, யோசனையாக இருக்கும்போதே அவரைக் கோபுரத்துக்கு அழைத்து வந்து காட்டுவது நல்லது.

ஆள் சேர்க்கும் முன் மணிகளைப் பாருங்கள்

பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். அறிவிப்பு ஒட்டி, எட்டுப் பேரைச் சேர்த்து, அதன் பிறகு மணி இறுகிக்கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். சுழலச் சிரமப்படும் மணியில் புதியவர் கற்றால் முரட்டுத்தனமாக இழுக்கத்தான் பழகுவார். அல்லது நான்காம் வாரம் வரமாட்டார்.

மேலே ஏறும்போது இருவராகப் போங்கள். கீழே இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். எல்லா மணிகளும் வாய் கீழ்நோக்கித் தொங்கும் நிலையில் இருப்பதை உறுதி செய்த பிறகே மணி அறைக்குள் கால் வையுங்கள். வாய் மேலாக நிற்கும் மணி மெல்லத் தொட்டாலே சுழலக்கூடியது. சிற்றூர்க் கோபுரத்தின் மிகப்பெரிய மணி, அதாவது டெனர், பெரும்பாலும் 8 முதல் 12 ஹண்ட்ரட்வெயிட் இருக்கும். கிலோகிராமில் 400 முதல் 600. அந்த எடை கவிழும் பாதையில் யாரும் நிற்கக்கூடாது.

பார்க்க வேண்டியவை:

1. ஒவ்வொரு மணியையும் விளிம்பில் கைவைத்து மெல்லத் தள்ளி விடுங்கள். நெடுநேரம் ஆடி மெதுவாக ஓய்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. சில ஆட்டத்திலேயே நின்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், கயிறு எங்காவது உரசலாம். பழைய வகை உலோகப் பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும். குண்டு பேரிங்கை நீங்கள் பிரிக்காதீர்கள். அதற்குத் தொழில்முறை மணி மாட்டுநர் வர வேண்டும்.

2. ஒருவர் மணியை ஆட்டும்போது மற்றவர் சட்டத்தின் மூட்டுகளில் விலகி நின்று கை வைத்துப் பார்க்கட்டும். ஓக் மரச் சட்டம் காலநிலைக்கேற்பச் சுருங்கி விரிவதால் போல்ட்டுகள் தளரும். மூட்டு திறந்து மூடுவது கையில் தெரிந்தால் முழு வட்ட அடிப்பை நிறுத்திவிட்டு நிபுணரை அழையுங்கள்.

3. ஸ்டேயில், ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய போல்ட் துளைகளின் அருகே விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கறுத்த கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு மணியின் ஸ்டே இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாற்று ஸ்டேயைத் துளையிட்டு, எண் எழுதி, மணி அறையிலேயே வைத்திருங்கள். இருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். இல்லையென்றால் ஒரு மாதப் பயிற்சி போகும்.

4. கயிறு தேய்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: சக்கர விளிம்பின் துளை, கப்பி. ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கயிற்றை ஓரம் வையுங்கள். மேல் பகுதிக்கு நீட்சியற்ற பாலியெஸ்டரும் கையில் படும் பகுதிக்கு இயற்கை நாரும் சேர்த்துப் பின்னிய கயிறுகள் நல்ல தேர்வு. நார்க்கயிறு ஈரத்தில் நீளம் மாறும். ஒரு வாரம் சரியாக இருந்த வால்முனை அடுத்த வாரம் பொருந்தாமல் போவதன் காரணம் இதுதான்.

5. மணி நாக்கின் ஆணி தளர்ந்திருக்கிறதா, சக்கரத்தின் திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் ஒலிக்கும் மணியில் நாக்கு நடுவில் தொங்கவில்லை என்று பொருள். புதியவர் தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்கும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

6. காற்றுப்பலகைச் சன்னல்களில் வலை கிழிந்திருந்தால் புறா நுழையும். ஜாக்டா காக்கைகள் குச்சியைக் கொட்டிக் குவிக்கும். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கக்கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து அள்ளுங்கள். வௌவால் இருந்தால் கை வைக்காதீர்கள். 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. உரிய அமைப்பிடம் கேட்டபிறகே வேலை தொடங்க வேண்டும்.

இந்தச் சோதனையை ஆண்டுக்கு இருமுறையாவது செய்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதற்குப் பொறுப்பானவரை ஸ்டீப்பிள் கீப்பர் என்பார்கள். அடிப்பதை நடத்தும் டவர் கேப்டனே இதையும் சுமக்க வேண்டாம். ஒருவர் தலையில் எல்லாம் இருந்தால் அவர் ஊர் மாறும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

பேரிங், சட்டம் எல்லாமே புதுப்பிக்க வேண்டியிருந்தால் செலவு பல பத்தாயிரம் பவுண்டு ஆகலாம். மறைமாவட்ட மணியடிப்போர் சங்கங்கள் பலவற்றில் மணிப் புனரமைப்பு நிதி உண்டு. தேவாலயக் கட்டடங்களுக்கு உதவும் அறக்கட்டளைகளும் உண்டு. லண்டனின் வைட்சாப்பல் வார்ப்பகம் 2017-இல் மூடப்பட்டாலும், லஃபரோவில் ஜான் டெய்லர் வார்ப்பகம் இயங்குகிறது. தனி மணி மாட்டுநர் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீடு வாங்குங்கள்.

கற்றுத்தருபவர்

நன்றாக மணியடிப்பவர் எல்லாரும் நன்றாகக் கற்றுத்தருவதில்லை. கற்பவரின் கயிற்றைக் கண்ணால் தொடர்ந்து, அவர் தவறும் நொடியில் கை நீட்டிப் பிடித்து மணியைக் காப்பாற்றுவது தனித் திறமை. அதைத் தனியே பழக வேண்டும். மணியடிப்பு ஆசிரியர் சங்கம் இதற்கென்றே பயிற்சி தருகிறது. கற்பவர்களுக்கும் ஐந்து நிலைகள் கொண்ட படிப்படியான திட்டம் வைத்திருக்கிறது. ஊரில் ஆசிரியர் இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் கோபுரத்தில் கேளுங்கள். முதல் சில மாதங்களுக்கு அவர் வந்து கற்றுத்தரட்டும். அதே காலத்தில் உங்கள் ஊரில் ஒருவர் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியப் பயிற்சி பெறட்டும்.

ஆள் சேர்ப்பது

பொது அறிவிப்பைவிட நேரில் கேட்பது பலன் தரும். தோட்டத்தில் வேலை செய்பவர், புதிதாகக் குடிவந்த தம்பதி, பதினான்கு வயதுப் பிள்ளையின் அம்மா என்று ஒவ்வொருவரிடமும் போய், "வியாழக்கிழமை ஏழரை மணிக்கு மேலே ஏறிப் பார்க்க வாருங்கள்" என்று நாளும் நேரமும் சொல்லி அழையுங்கள். இசை தெரிய வேண்டியதில்லை. உடல் வலிமையும் அவ்வளவாகத் தேவையில்லை. பெரும்பாலான கோபுரங்களில் கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வழிபாட்டுக்கு மதிப்புக் கொடுத்தால் போதும். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பலர் கேட்கத் தயங்கியே வராமல் போகிறார்கள்.

நாடு முழுவதும் மணி ஒலிக்கும் தருணங்கள் வரும்போது அவற்றை விடாதீர்கள். முதல் உலகப் போரில் மாண்ட மணியடிப்பவர்கள் 1,400 பேர் என்று சொல்லி, போர் முடிந்த நூறாம் ஆண்டான 2018-இல் அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்க ஓர் இயக்கம் நடந்தது. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு விழாவையொட்டியும் அப்படியே. இத்தகைய அலைகளில் சேருபவர்கள் நிலைப்பது பின்தொடர்தலைப் பொறுத்தது. பெயர் கொடுத்த ஒருவாரத்துக்குள் முதல் பாடம் தொடங்க வேண்டும். ஆசிரியருக்கு நேரமில்லையென்றால் பத்துப் பேரைச் சேர்த்துக் காக்க வைக்காமல் மூன்று பேரை மட்டும் சேருங்கள். தனியாக ஒருவரைச் சேர்ப்பதைவிட இருவர் மூவர் சேர்ந்து தொடங்குவது மேல். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இழுத்து வருவார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வருவதானால் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல், ஆசிரியருக்கு டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடனிருப்பது ஆகிய மூன்றும் வேண்டும். பங்கின் பாதுகாப்பு அலுவலரிடம் முதல் பாடத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கயிறு பிடிக்கக் கற்பித்தல்: இங்கே அவசரம் வேண்டாம்

ஒருவர் தனியாக, பாதுகாப்பாக ஒரு மணியைக் கட்டுப்படுத்தப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து மணி நேர நேரடிப் பயிற்சி தேவை. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்று இதைப் பொதுப் பயிற்சி இரவின் இடுக்கில் செருகினால் ஓராண்டாகும். ஒவ்வொரு வாரமும் பாதி மறந்திருக்கும். ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள், தனிப் பாடமாக வையுங்கள். கை சிவந்து கொப்பளிக்கும் முன் ஓய்வு கொடுங்கள்.

இவ்வளவு நேரம் மணி ஒலித்தால் ஊர் தாங்காது. மணி கீழே தொங்கும்போது நாக்கை நடுவில் அசையாமல் கட்டிவிடுங்கள். சக்கரத்தில் ஓர் உணரியைப் பொருத்திக் கணினியுடன் இணைத்தால் ஒலி அறைக்குள் மட்டும் கேட்கும். மற்ற மணிகளைக் கணினியே அடித்துக் காட்டும். சிறு குழுவுக்கு இந்த சிமுலேட்டரைப் போலப் பயனுள்ள முதலீடு வேறில்லை என்பது எங்கள் கருத்து.

படிகள்:

1. முதல் நாள் மணி அறையைக் காட்டுங்கள். மணிகள் கீழே தொங்கும்போது சக்கரம், ஸ்டே, ஸ்லைடர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் கயிற்றுக்கு அஞ்சமாட்டார், அலட்சியமும் செய்யமாட்டார்.

2. அடுத்து பேக்ஸ்ட்ரோக் மட்டும். சாலியை ஆசிரியர் இழுப்பார். கற்பவர் வால்முனையை இரு கைகளாலும் பிடித்திருப்பார். கயிறு மேலேறும்போது கை அதோடு முழுமையாக நீள வேண்டும். உச்சியில் ஒரு கணம் உணர்ந்து, நேர் கீழாக, உடலை ஒட்டியபடி இடுப்புவரை இழுக்க வேண்டும். திரும்பி வரும் சாலியை ஆசிரியர் பிடித்து மணியை நிறுத்துவார்.

3. பிறகு ஹேண்ட்ஸ்ட்ரோக் மட்டும். கற்பவர் சாலியை இழுத்து, அது இடுப்பு அருகே வந்ததும் விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்திருப்பதுதான் மிக ஆபத்தான தவறு. ஏறும் சாலி ஆளையும் சேர்த்துத் தூக்கும். வால்முனையை ஆசிரியர் கவனித்துக்கொள்வார்.

4. இரண்டையும் சேர்ப்பது. இதுதான் கடினமான படி. வால்முனை இடக்கையில் இருந்துகொண்டே இரு கைகளும் சாலியைப் பிடித்து விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். ஆசிரியர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், இரு கைகளும் வெறுமையாக நிற்க வேண்டும்.

5. மணியை மேலே நிறுத்துவது, கீழே தொங்கும் மணியைச் சிறிது சிறிதாக ஆட்டி மேலேற்றுவது, மேலே நிற்பதைப் படிப்படியாக இறக்குவது. ஏற்றி இறக்கத் தெரியாதவரைப் பயிற்சி முடித்தவராகக் கருதாதீர்கள். கோபுரத்தை விட்டுப் போகும்போது மணிகள் கீழே இருக்க வேண்டும். மேலே விட்டுப் போக நேர்ந்தால் கயிறுகளை எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, கதவைப் பூட்டுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகளும் காரணங்களும்: பேக்ஸ்ட்ரோக்கில் கை முழுதும் நீண்ட பிறகும் மணி ஸ்டேயில் முட்டினால் வால்முனை நீளம் அதிகம், கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள். மணி உச்சியை எட்டாமலே திரும்பினால் நீளம் போதவில்லை, அல்லது கற்பவர் முழங்கையை மடக்கியிருக்கிறார். கயிறு பாம்பாக நெளிந்தால் இழுப்பு நேராக இல்லை, அல்லது இழுத்து முடிக்கும் முன்பே கை தளர்ந்துவிட்டது. அண்ணாந்து சாலியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தாளம் ஒருபோதும் வராது. பார்வை நேராக இருக்கட்டும். குட்டையானவர் நிற்க உறுதியான, அகலமான பெட்டி கொடுங்கள். நீண்ட கூந்தலைக் கட்டச் சொல்லுங்கள். தொங்கும் துண்டு, ஸ்கார்ஃப் கூடவே கூடாது.

ஸ்டே உடைந்தால் கயிறு விருட்டென்று மேலேறும். அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவது. இதை வாயால் சொன்னால் போதாது. முதல் வாரத்திலேயே பலமுறை செய்துகாட்டுங்கள். கைவிட்டுப் போன சாலியை எட்டிப் பிடிக்க முயலக்கூடாது என்பதும் அப்படியே.

சேர்ந்து அடித்தல்

மிகச் சிறிய மணி ட்ரெபிள். அதிலிருந்து டெனர் வரை இறங்குவரிசையில் 1, 2, 3, 4, 5, 6 என்று அடிப்பது ரவுண்ட்ஸ். "லுக் டு" என்றதும் எல்லாரும் சாலியைப் பிடிக்க வேண்டும். "ட்ரெபிள்ஸ் கோயிங்" என்றால் ட்ரெபிள் இழுபடப் போகிறது. "ஷீஸ் கான்" என்றதும் தொடங்கிவிட்டது. "ஸ்டாண்ட்" என்றால் அடுத்த ஹேண்ட்ஸ்ட்ரோக்கில் மணியை நிறுத்த வேண்டும்.

ஆறு மணிகளில் இரண்டு வரிசை, அதாவது பன்னிரண்டு அடிகள் முடிந்ததும் ஓர் அடிக்கான இடைவெளி விட்டு அடுத்த ஹேண்ட்ஸ்ட்ரோக் தொடங்கும். அந்த இடைவெளி சீராக இருந்தால் கேட்பவருக்கு அது இசை. புதியவரை இரு பக்கமும் தேர்ந்தவர்கள் இருக்க, 2 அல்லது 3-ஆம் மணியில் நிறுத்துங்கள். டெனர் வேண்டாம், ட்ரெபிளும் முதலில் வேண்டாம். முன்னால் போகும் கயிற்றைக் கண்ணால் கண்டுகொள்வது ஒன்று, தன் மணியின் ஒலியை வரிசையில் காதால் பிரித்தறிவது இன்னொன்று. இரண்டாவது தாமதமாகத்தான் வரும். அதற்கென்றே ஒவ்வொரு பயிற்சியிலும் சில நிமிடம் ரவுண்ட்ஸ் அடித்து, "உன் மணி எத்தனையாவதாகக் கேட்டது?" என்று கேளுங்கள்.

அடுத்தது கால் சேஞ்ச், அதாவது கூப்பிட்டு வரிசையை மாற்றுவது. நடத்துநர் "2 டு 3" என்று கூப்பிட்டால் 2-ஆம் மணி 3-க்குப் பின்னால் போகும். மற்றவர் அதற்கேற்ப நகர்வார். அடுத்த கூப்பிடல் வரை அதே வரிசை தொடரும். இதைத் தாழ்வான படியாக எண்ணும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு. டெவன் மாவட்டத்தில் கால் சேஞ்சே மரபு. 'சிக்ஸ்டி ஆன் தேர்ட்ஸ்' என்ற அறுபது மாற்றங்களின் தொடரைத் துளியும் பிசகாமல் அடிப்பதில் அங்கே கடும் போட்டி நடக்கும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள ஊருக்கு, கூப்பிடல் இல்லாமல் விதிப்படி மாறிக்கொண்டே போகும் மெத்தடைத் தள்ளாடி அடிப்பதைவிடச் சீரான கால் சேஞ்ச் ஆயிரம் மடங்கு மேல். தெருவில் நடப்பவருக்குக் கேட்பது சீர் மட்டுமே.

கூப்பிடல் இல்லாமல் ஒவ்வொரு வரிசையிலும் எல்லாரும் இடம் மாறுவது பிளெய்ன் ஹன்ட். ஐந்து மணிகளில்:

12345
21435
24153
42513
45231
54321
53412
35142
31524
13254
12345

பத்து மாற்றங்களில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். ட்ரெபிளின் பாதையைப் பாருங்கள்: ஒவ்வோர் இடமாகக் கடைசிவரை போய், அங்கே இருமுறை அடித்து, ஒவ்வோர் இடமாகத் திரும்புகிறது. இதைப் பலகையில் எழுதி, 1-இன் பாதையைச் சிவப்பால் வரையச் சொல்லுங்கள். எண்களை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பாதையைத்தான் கற்க வேண்டும். ஆறு மணிக் கோபுரத்தில் டெனர் எப்போதும் கடைசியில் அடித்துத் தாளம் பிடிக்க, மற்ற ஐந்தும் மாறினால் புதியவருக்கு எளிது. இங்கிருந்து பிளெய்ன் பாப் டபுள்ஸ், கிராண்ட்ஸயர் டபுள்ஸ் என்ற மெத்தடுகளுக்குப் போகலாம். ஐந்து மணிகளின் 120 வரிசைகளையும் எதுவும் திரும்ப வராமல் அடிப்பது, புதிய குழு நியாயமாக ஆசைப்படக்கூடிய இலக்கு. அதன்பின் 1,260 மாற்றங்கள் கொண்ட குவார்ட்டர் பீல். முக்கால் மணி நேரம் ஆகும். 5,040 கொண்ட முழு பீல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். எட்டு மணிகளில் சாத்தியமான 40,320 வரிசைகளையும் 1963-இல் லஃபரோவில் ஒரே மூச்சில் அடித்தார்கள். பதினெட்டு மணி நேரத்தை நெருங்கியது. சிற்றூருக்கு அது தேவையில்லை. ஆனாலும் இந்தக் கலையின் எல்லை எங்கே இருக்கிறது என்று கற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆள் வராத இரவில் பயிற்சியை ரத்து செய்யாதீர்கள். மூன்று மணிகளில் ஆறு வரிசை உண்டு, நான்கில் 24. நால்வர் வந்தால் அதை அடியுங்கள். இருவர் வந்தால் சிமுலேட்டர் இருக்கிறது. இரண்டு முறை ரத்தானால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள்.

பக்கத்து ஊர்களோடு சேருங்கள்

இன்று ஒரே போதகர் பல சிற்றூர்த் தேவாலயங்களைக் கவனிப்பது சாதாரணம். ஒவ்வொன்றிலும் மாதம் ஓரிரு ஞாயிறுதான் வழிபாடு இருக்கும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனி முழுக்குழு வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மூன்று கோபுரங்களுக்குப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், வழிபாடு எங்கே நடக்கிறதோ அங்கே போய் அடிக்கலாம். பயிற்சி இரவையும் சுழற்சியில் வையுங்கள். எந்த மணியும் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்காது. ஒரு நிபந்தனை: ஒவ்வோர் ஊருக்கும் அங்கேயே குடியிருக்கும் ஒருவர் சாவியும் பொறுப்பும் வைத்திருக்க வேண்டும். அவர் இல்லாத கோபுரம் சுழற்சியில் மெல்ல நழுவிப்போகும்.

மறைமாவட்டச் சங்கம், 1891-இல் தொடங்கிய மணியடிப்போர் மத்திய மன்றம், 1911 முதல் வெளிவரும் 'தி ரிங்கிங் வேர்ல்ட்' வார இதழ் ஆகியவற்றோடு தொடர்பு வைத்திருங்கள். பக்கத்தில் எங்கே ஆசிரியர் இருக்கிறார், எங்கே பயிற்சி நாள் நடக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியவரும்.

அக்கம்பக்கத்தார்

மணியோசை குறித்துப் புகார் வந்தால், 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி அதை விசாரிக்கக் கடமைப்பட்டது. அந்த நிலைக்குப் போகவிடாதீர்கள். பயிற்சி ஒரே நாள், ஒரே நேரம், சரியாக ஒன்பது மணிக்கு முடிவு. குவார்ட்டர் பீல் அல்லது பீல் இருந்தால் இரு வாரம் முன்பே ஊர்ப் பலகையில் எழுதுங்கள். காற்றுப்பலகைச் சன்னல்களின் உட்புறம் மரத்தட்டி அமைத்து, அதில் திறந்து மூடும் கதவுகள் வைத்தால் பயிற்சியின்போது மூடலாம். ஞாயிறும் திருமணமும் வரும்போது திறந்துவிடலாம். புகார் செய்தவரைக் கோபுரத்துக்கு அழைத்துக் கயிற்றையும் மணியையும் காட்டுங்கள். கதவு தட்டி முகம் பார்த்துப் பேசுவது கடிதத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

மணியைச் சுழற்ற முடியாத காலத்தில்

சட்டம் பழுதாகி நிதி திரட்டும் ஆண்டுகளில் கோபுரம் முற்றிலும் ஊமையாக வேண்டியதில்லை. பல தேவாலயங்களில் எல்லாகோம்ப் கருவி இருக்கும். கிளாஸ்டர்ஷயரின் பிட்டன் ஊர்ப் போதகர் எல்லாகோம்ப் 1821-இல் அமைத்தது. அசையாமல் தொங்கும் மணிகளைச் சுத்தியல்கள் அடிக்கும். எல்லாக் கயிறுகளும் ஒரே சட்டகத்தில் வந்து சேர்வதால் ஒருவரே அத்தனையையும் ஒலிக்கலாம். மணிகள் மீண்டும் சுழலத் தொடங்கும் நாளில் அந்தச் சுத்தியல்களின் கயிறுகளைத் தளர்த்தி முற்றிலும் விலக்க மறக்காதீர்கள். சுழலும் மணி சுத்தியலில் மோதினால் இரண்டும் சேதமாகும்.

கைமணிகளையும் பயன்படுத்தலாம். ஒரு கைக்கு ஒன்றாக மூவர் பிடித்தால் ஆறு மணி. குளிர்கால இரவுகளில் பிளெய்ன் ஹன்ட் பாதையை வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தே பழகலாம். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் கோபுரங்கள் மூடப்பட்டபோது உருவான ரிங்கிங் ரூம் தளத்தில் இணையவழியே சேர்ந்து அடிக்கலாம். கயிற்றைக் கையாள இது கற்றுத்தராது. வரிசையை மனதில் நிறுத்தும்.

குழு நிலைத்த பிறகு

நவம்பரில் போர் நினைவு ஞாயிறு வரும். நாக்கின் ஒரு பக்கம் தோல் உறை கட்டினால் ஹேண்ட்ஸ்ட்ரோக் முழங்கும், பேக்ஸ்ட்ரோக் தூரத்து எதிரொலியாகக் கேட்கும். உறை பேக்ஸ்ட்ரோக் பக்கம் இருக்கிறதா என்று ஒரு நாள் முன்பே அடித்துச் சரிபாருங்கள். ஆட்டத்தில் நழுவாதபடி இறுக்கிக் கட்டி, மறுநாளே கழற்றிவிடுங்கள். தோல் ஈரம் இழுக்கும்.

ஓராண்டு முடிந்தவர்களில் பொறுமையுள்ள ஒருவரைத் தேர்ந்து, அடுத்த புதியவரின் முதல் பாடத்தில் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். பேக்ஸ்ட்ரோக் மட்டும் கற்பிக்கட்டும். இரண்டாம் ஆண்டில் அவரை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கோபுரச் சாவியின் ஒரு பிரதியையும் ஸ்டீப்பிள் கீப்பரின் நோட்டையும் அவரிடம் கொடுத்து, அந்த ஆண்டின் மணி அறைச் சோதனையை அவரே முன்னின்று செய்யட்டும்.